பட்டறை பதில்கள்: விழுந்தால் தூக்க முடிகிற வண்டி

கேள்வி: எனக்கு 19 வயது. மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போய் கல்லூரியில் படிக்கிறேன். எல்.எல்.ஆர். போட்டாயிற்று. இதுவரை ஓட்டியது சித்தப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் மட்டும்தான். அப்பா ஒன்றே கால் லட்சம் தருகிறார். மேலே போனால் டியூ. எனக்கு டியூக் 200 மேல் ஆசை. “முதல்லயே பெருசா எடுத்துடு, அப்புறம் மாத்த முடியாது” என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ “புல்லட்தான் கனமான வண்டி, ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும்” என்கிறார். உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 52 கிலோ. எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, உயரத்தையும் எடையையும் எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். பாலக்கரையில் என் பட்டறைக்கு யோசனை கேட்டு வருகிற பையன்கள் சிசி கேட்பார்கள், மைலேஜ் கேட்பார்கள், எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்றுகூடக் கேட்பார்கள். தன் கால் தரையில் பதியுமா என்று கேட்டவர்கள் இந்த முப்பது வருடத்தில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

முதல் வண்டியை நீங்கள் ஒரு தடவையாவது கீழே போடுவீர்கள். சாபம் இல்லை, எல்லோரும் போட்டதுதான். அதுவும் வேகமாகப் போகும்போது இல்லை. பெட்ரோல் பங்க் வாசலில் திருப்பும்போது, மேட்டில் கிளட்சை விட்டு வண்டி ஆஃப் ஆகும்போது, ஒரு கால் பள்ளத்தில் போகும்போது. அந்த நேரத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்க வேண்டியது உங்கள் ஒரு கால்தான். கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. நீங்கள் 52. அம்மா சொல்வதில் பாதி சரி. நான்கு வழிச்சாலையில் பக்கத்தில் பஸ் கடந்து போனால் கனமான வண்டி அவ்வளவாக அசையாது. ஆனால் ஓடுகிற வரைக்கும்தான் அந்தக் கனம் உங்கள் பக்கம். நின்றுவிட்டால் அது எதிராளி. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். சாய்ந்தால் பிடித்து நிறுத்தலாம், விழுந்தாலும் தனியாளாகத் தூக்கலாம்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள். ஏர் பிடிக்கப் பழகுகிற பையன் கையில் துள்ளுகிற காளையை யார் கொடுப்பார்கள்? உழுது பழகிய மாட்டைத்தான் கொடுப்பார்கள். பையன் தப்புச் செய்தாலும் அது உழவுத் தடத்தை விட்டுப் போகாது.

டியூக் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். அதன் இன்ஜினுக்கு ஏறத்தாழ 25 குதிரைத்திறன், ஸ்ப்ளெண்டருக்கு 8. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள். வண்டி பள்ளத்தில் குதித்தால் உடம்பு பின்னால் போகும், கூடவே வலது மணிக்கட்டும் திரும்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக நடப்பது. எட்டு குதிரை வண்டி அப்போது ஒரு துள்ளல் துள்ளிவிட்டு அடங்கும். 25 குதிரை வண்டி உங்களை முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். ஆறு மாதம் கழித்து மணிக்கட்டு அடங்கிவிடும். அதற்குப் பிறகு டியூக் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் கடன் வாங்கி ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். நூறு கிலோ சொச்சம்தான், ஆனால் கையை முறுக்கினால் பறக்கும். மூன்றாவது வாரம், பொன்மலைப்பட்டி பக்கம் ஒரு வளைவில் சாலையோரம் மணல். பயத்தில் முன் பிரேக்கை மொத்தமாகப் பிடித்தேன். சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. இடது காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். மழை வருவதற்கு முதல் நாள் இன்றைக்கும் அது எனக்குச் சொல்லிவிடும். வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. வளைவுக்குள் போவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிரேக் என்றதும் ஏபிஎஸ். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் வழுக்கும். ஏபிஎஸ் அந்தப் பிடியைக் கண நேரத்துக்கு விட்டு விட்டுப் பிடித்து சக்கரத்தைச் சுழல வைக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு சிபிஎஸ் என்ற ஏற்பாடு போதும் என்று விதி வந்தது. காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பரவாயில்லை ரகம். பதற்றத்தில் பூட்டிக்கொள்கிற சக்கரத்தை அது காப்பாற்றாது. ஏபிஎஸ்ஸும் மந்திரம் இல்லை. வண்டியைச் சாய்த்து வளைத்துக்கொண்டிருக்கும்போது மணல் வந்தால் என் காறை எலும்பை அதுவும் காப்பாற்றியிருக்காது. ஆனால் நேர் சாலையில் நாய் குறுக்கே ஓடும்போது அதன் அருமை தெரியும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படுகிற தூரம் நான்கு மடங்கு. 80-ல் போகும்போது ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறீர்கள். கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் தீர்ந்துவிடும்.

அதனால் நீங்கள் நான்கு வழிச்சாலையில் போகப் போகிறவர் என்பதை வைத்துச் சொல்கிறேன்: ஏபிஎஸ் உள்ளதாகப் பாருங்கள். யமஹா எஃப்இசட் 149 சிசி, 12 குதிரை சொச்சம், 136 கிலோ பக்கம். அமைதியான வண்டி. பின் டயர் அகலம், தடம் மாறாது. அப்பா தருகிற பணத்துக்கு மேலே கொஞ்சம் போகும். போக வேண்டாம் என்றால் 125-லேயே ஏபிஎஸ்ஸோடு வருகிற எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி வண்டிகள் உண்டு. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் ஹோண்டா ஷைன் போதும் என்றிருப்பேன். இதில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு புக் செய்யாதீர்கள். ஷோரூமில் ஏறி உட்காருங்கள், தினம் போடுகிற செருப்போ ஷூவோ எதுவோ அதோடு. இரண்டு முன்பாதமும் நன்றாகப் பதிய வேண்டும். லேசாகச் சாய்த்தால் ஒரு காலாவது குதிகால் வரை ஊன்ற வேண்டும். பிறகு இறங்கி, வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பி நிறுத்திப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அது உங்கள் வண்டி இல்லை. விற்பனைக்காரப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து அப்பாவிடமே கொடுத்துவையுங்கள். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை ஆட்டினால் கன்னச் சதையும் சேர்ந்து அசைய வேண்டும். அது மட்டும் சுற்றினால் அளவு பெரிது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று. கையுறை, கணுக்காலை மூடுகிற ஷூ. விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அந்த மாதத்தில் எட்டு போடப் பழகுங்கள். எட்டு என்றாலே ஆர்டிஓ ஆபீஸ் சடங்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு மெதுவாகத் திரும்புகிற வித்தை அது. முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வண்டி கண்ணுக்குப் பின்னால் வரும். வெறும் மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்துப் பழகுங்கள், முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, படிப்படியாக. பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு வந்துவிடும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். முன் பிரேக்கைத் தொட்டாலே கவிழ்ந்துவிடும் என்று உங்கள் சித்தப்பா சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் மூன்று மாதம் திருச்சிக்கு பஸ்ஸிலேயே போங்கள். வண்டி ஊருக்குள் ஓடட்டும். மழையில் வெள்ளைக் கோடு எப்படி வழுக்குகிறது, பெயின்ட் அடிக்காத வேகத்தடை எங்கெங்கே இருக்கிறது, ராத்திரி ரோட்டில் படுத்திருக்கிற மாடு எவ்வளவு கிட்டே வந்த பிறகு தெரிகிறது, எல்லாம் முதலில் ஊருக்குள் 40 வேகத்தில் தெரிந்துகொள்ளலாம்.

நண்பர்களின் “மாத்த முடியாது” பேச்சு? தினசரி போக வர ஓட்டுகிற சாதாரண கம்யூட்டர் வண்டியைப் போல சுலபமாகக் கைமாறுவது எதுவும் இல்லை. வண்டி வந்த முதல் நாளே கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டு, “இப்பதான் மாஸா இருக்கு” என்று அவர்கள் சொல்வார்கள். கழற்றாதீர்கள். எதற்கு அந்த வெறுப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிற மகனுக்கு 16 வயது. டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் கேட்கிறான். “கியர் இல்லாத வண்டிக்கு 16 வயசு போதும்” என்கிறார் என் அண்ணன். சரியா? (ஒரு தாய், கரூர்)

பதில்: பாதி சரி அம்மா. 16 வயதுக்காரர் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். நாம் தெருவில் பார்க்கிற ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. அதில் பையன் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓர் ஆண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2019 திருத்தத்தில் வந்தது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரோடு, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின்சார வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் டியூஷன் தூரத்துக்கு சைக்கிள் என்ன பாவம் செய்தது?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பழைய 150 சிசி பைக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு மெக்கானிக் யாரையும் தெரியாது. நானே எதைச் சோதிப்பது? (வாசகி, பெரம்பலூர்)

பதில்: காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போங்கள் தங்கச்சி. இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஓரிடத்தில் நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங், போயிருக்கிறது. அது சின்னச் செலவுதான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்கள், அதாவது ஃபோர்க், வளைந்திருந்தால் வாங்காதீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் ஏபிஎஸ் இல்லாமலும் இருக்கலாம், முன் சக்கரத்தில் பல் வைத்த வளையம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஆர்சியில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்கிய பிறகுதான் பணம். பேர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவம். அதில் விற்கிறவர் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள். “அப்புறம் போட்டுக்கலாம், நம்ம ஆளுதான்” என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.