நன்கொடையாகக் கொடுத்த புகைப்படங்களுக்கு வரியில் என்ன மதிப்பு? கேள்வி பதில்

அமெரிக்காவில் வரி கட்டும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வரி போடும் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகைகளை, அதாவது கழிவுகளை, தனித்தனியாகக் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் இவை பொருந்தும்.

அண்ணா, நான் எடுத்த பறவைப் படங்களை ஃபிரேம் போட்டு ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தேன். ஒரு பிரிண்டை 400 டாலருக்கு விற்கிறேன். அந்த 400-ஐக் கழிக்கலாமா?

முடியாது. எடுத்தவரே கொடுத்தால் காகிதம், மை, ஃபிரேம் என்று கைக்காசு போட்ட செலவு மட்டும்தான் கழியும். அதையும் தொழில் செலவில் ஏற்கெனவே எழுதியிருந்தால் மறுபடி எழுதக் கூடாது. 1969 வரிச் சட்டத்தில் வந்த கட்டுப்பாடு இது. அதே பிரிண்டை உங்களிடம் வாங்கியவர், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து மியூசியத்துக்குக் கொடுத்தால், அன்றைய சந்தை மதிப்பையே கழிக்கலாம். படைத்தவருக்கு இல்லாத சலுகை வாங்கியவருக்கு! இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. மாற்றச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பலமுறை மசோதா வந்தும் நிறைவேறவில்லை.

அப்படியானால் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, அவர் நன்கொடை கொடுத்தால்?

பலிக்காது. அன்பளிப்பாக வாங்கியவருக்கும் உங்கள் அடக்க விலைதான் தொடரும். எடுத்தவர் காலமாகி, வாரிசுக்கு வந்த படங்கள் என்றால் மட்டும் சந்தை மதிப்புக்கு வழி உண்டு.

பழைய பிரிண்ட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன் சார். விலையை யார் சொல்வது?

நன்கொடை பெறும் நிறுவனம் சொல்லாது; பெற்றுக்கொண்டதாக எழுதித் தருவதோடு சரி. 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் அந்தக் கடிதம் கட்டாயம். 500-ஐத் தாண்டினால் வரிக் கணக்கோடு படிவம் 8283-ஐயும் சேர்க்க வேண்டும். 5,000-ஐத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஒரே வருடத்தில் கொடுத்த ஒரே வகைப் பொருள்களைக் கூட்டித்தான் இந்த 5,000-ஐப் பார்ப்பார்கள். நன்கொடை தேதிக்கு 60 நாளுக்கு முன்பே போட்ட மதிப்பீடு செல்லாது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரிடம் போகவே போகாதீர்கள், அந்த அறிக்கையும் செல்லாது.

மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது பிரிண்ட் எப்போது போடப்பட்டது என்பதை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த 'மூன்ரைஸ்' படத்தைப் பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டார். 1940-களின் பிரிண்டும் 1970-களின் பிரிண்டும் ஒரே விலைக்குப் போவதில்லை. அப்புறம் கையெழுத்து, எத்தனை பிரதி, மங்கல், கறை, யார் யார் கை மாறி வந்தது. இதே போன்ற பிரிண்ட் சமீப ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்பதுதான் முக்கிய ஆதாரம். கேலரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை நம்பி எழுதாதீர்கள். நிஜ மதிப்பைப் போல இரண்டு மடங்கு காட்டினால், குறைந்துபோன வரியில் 40 சதவீதம் வரை அபராதம் வரும்.

அதையே கோவில் நிதி ஏலத்துக்குக் கொடுத்தால்?

விற்பதற்கென்றே பெற்றுக்கொள்கிறார்கள் என்றால் சந்தை மதிப்பு கிடையாது. நீங்கள் வாங்கிய விலை, இன்றைய மதிப்பு இரண்டில் குறைந்ததுதான்.

படத்தைக் கொடுக்கவில்லை, இணையதளத்தில் போட்டுக்கொள்ள அனுமதி மட்டும் கொடுத்தேன்.

அதற்குக் கழிவு இல்லை.

விழாவுக்கு இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்த நேரத்துக்கு?

நேரத்துக்கும் இல்லை. அதற்காகச் சொந்தக் காரில் போய் வந்திருந்தால் மைலுக்கு 14 சென்ட், பார்க்கிங் செலவு, இவற்றை எழுதலாம். தேதியும் மைலும் அன்றன்றே குறித்து வையுங்கள்.