ஆல்வேஸ், சம்டைம்ஸ் எல்லாம் ஆங்கில வாக்கியத்தில் எங்கே வரும்?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ தயாராகிறீர்கள் போலிருக்கிறது. ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், நெவர் இவற்றை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் சுலபம்தான். சாதாரண வினைக்கு முன்னால், ‘ஐ யூஷுவலி வாக்’. ‘ஏம்’, ‘இஸ்’, ‘ஆர்’ வந்தால் அதற்குப் பின்னால், ‘ஷீ இஸ் நெவர் லேட்’. ஹேவ், கேன், வில் இருந்தால் அதற்கும் வினைக்கும் நடுவில், ‘ஐ ஹேவ் நெவர் சீன் இட்’. ட்வைஸ் எ வீக் மாதிரி கணக்காகச் சொல்வது பெரும்பாலும் கடைசியில்.

ஆனால் மறுப்புச் சொல்லான ‘நாட்’ சேரும்போதுதான் வம்பே வருகிறது. நான் செவிலியர். எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண், ரவுண்ட்ஸில் சர்க்கரை நோயாளி ஒருவரைப் பற்றி ‘ஹி ஆல்வேஸ் டஸ்ன்ட் டேக் இன்சுலின்’ என்று சொல்லிவிட்டாள். தமிழ் தெரியாத மருத்துவர், இவர் எப்போதுமே ஊசி போடுவதில்லை என்று எடுத்துக்கொண்டு, சோற்று வாளியோடு நின்ற மனைவியைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தமிழில் விசாரித்தால், “கல்யாணம் காட்சின்னு வெளியூர் போனா மட்டும்தான் விட்டுப்போகும்மா” என்கிறார். ‘ஹி டஸ்ன்ட் ஆல்வேஸ் டேக் இட்’, அதாவது சில நேரம் மட்டும் விட்டுப்போகிறது என்று நான் குறுக்கே சொன்ன பிறகுதான் மருத்துவர் அளவைக் கூட்டுவதா என்று யோசிக்கவே தொடங்கினார். ஊசியே போடாதவருக்கும், ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை இறங்காதவருக்கும் வைத்தியம் வேறு இல்லையா? நெவர், ரேர்லி, ஹார்ட்லி எவர் இவற்றோடு நாட் சேர்க்கவே வேண்டாம், அவற்றிலேயே மறுப்பு இருக்கிறது.

“புரிந்தால் போதும், இலக்கணம் எதற்கு” என்று சிலர் வருவீர்கள். கடைத்தெருவில் எனக்கும் அது போதும், மருந்தளவு தீர்மானிக்கிற இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண்ணையும் குறை சொல்லவில்லை. அவள் பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தில் ஆல்வேஸ் 100 சதவீதம், நெவர் 0 என்று ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, நாட் எங்கே வரும் என்று ஒருநாளும் சொல்லித் தரவில்லை.

அப்புறம், ஆஃபன் என்பதை ‘ஆஃப்டன்’ என்று சொன்னால் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று. அகராதிகளில் இரண்டு உச்சரிப்பும் இருக்கிறது. அதற்காக ஒரு பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பதை இனியாவது விடுங்கள்.