அமெரிக்காவில் சம்பளப் பிடித்தமும் திவால் மனுவும்: கேள்வி பதில்

திவால் வழக்குகளைக் கவனிக்கும் சட்ட அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தக் காகிதங்கள் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கி, தெரிந்ததைச் சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதை மனதில் வையுங்கள்.

கிரெடிட் கார்டு கடனுக்குக் கோர்ட் சம்மன் வந்தது. கட்டப் பணமில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். சம்பளத்தில் பிடிப்பார்களா அண்ணா?

உடனே முடியாது. கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில் போன்றவற்றுக்கு முதலில் கோர்ட் தீர்ப்பு வேண்டும். நீங்கள் பதில் போடாவிட்டால் அந்தத் தீர்ப்பு சுலபமாக அவர்களுக்குக் கிடைத்துவிடும். என்னிடம் வருபவர்களில் இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு ரொம்ப வலிக்கிறது. பழைய கடன்களை வசூல் கம்பெனிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குகிறார்கள். அப்படிக் கை மாறும்போது தொகை தப்பாகியிருக்கலாம், வழக்குப் போடும் காலக்கெடுவே முடிந்திருக்கலாம். நீங்கள் எழுதிக் கேட்டால்தானே அது வெளியே வரும்? சம்மனில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் உங்கள் பகுதியின் இலவசச் சட்ட உதவி மையத்தை இன்றே கூப்பிடுங்கள்.

எவ்வளவு பிடிக்கலாம்?

சாதாரணக் கடனுக்கு மத்தியச் சட்டம் இரண்டு கணக்குகளைப் போட்டு, எது குறைவோ அதை மட்டும் அனுமதிக்கிறது. ஒன்று, வரி போன்ற கட்டாயப் பிடித்தம் போக மீதியில் 25 சதவீதம். மற்றொன்று, வாரச் சம்பளத்தில் 217.50 டாலருக்கு மேல் இருக்கும் தொகை. இது மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியின் 30 மடங்கு. வாரம் 600 டாலர் கைக்கு வந்தால் 150 போகும். 250 வந்தால் 32.50 தான். சில மாநிலங்கள் இதைவிடக் குறைவாகத்தான் பிடிக்க விடுகின்றன.

பிரிந்த பெற்றோர் பிள்ளைக்காகக் கட்ட வேண்டிய குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி என்றால் கதையே வேறு, பாதிக்கு மேல்கூடப் போகலாம். மத்திய அரசின் கல்விக் கடன் தவணை தவறினால் கோர்ட்டுக்கே போகாமல் 15 சதவீதம் வரை பிடிக்க முடியும்.

டெக்ஸஸில் சம்பளத்தைத் தொட முடியாது என்கிறார்களே?

கார்டு கடன் போன்றவற்றுக்கு, சரி. ஆனால் சம்பளம் வங்கியில் விழுந்தபின் அந்தக் கணக்கை முடக்கலாம். அங்கே 25 சதவீத வரம்பும் கிடையாது.

ஆபீஸுக்கு நோட்டீஸ் போய்விட்டது. வேலை போய்விடுமா? அவமானமாக இருக்கிறது.

ஒரே ஒரு கடனுக்கான பிடித்தத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி தவறு. இரண்டாவது கடனுக்கும் பிடித்தம் வந்தால் மத்தியச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் முதலாவது வந்தபோதே வழி தேடுங்கள். அவமானப்பட இதில் ஒன்றுமில்லை. சம்பளப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது வழக்கமான வேலை.

திவால் மனு போட்டால் பிடித்தம் நிற்குமா?

நிற்கும், மனு பதிவான அந்த நேரத்திலிருந்தே. வசூல் போன்கள், வழக்குகளும் நிற்க வேண்டும். ஆனால் சம்பளப் பிரிவுக்கு அது தானாகத் தெரியாது. வழக்கு எண்ணை அவர்களுக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அன்றே அனுப்புங்கள். மனுவுக்கு முந்தைய 90 நாளில் கடன் கொடுத்த ஒருவரே 600 டாலருக்கு மேல் பிடித்திருந்தால், அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைப் பராமரிப்புத் தொகைக்கான பிடித்தம் மட்டும் தொடரும். அந்தப் பாக்கியும் சமீபத்திய வருமான வரியும் திவாலிலும் தள்ளுபடி ஆகாது. கல்விக் கடனுக்குத் தனியாக வழக்காடி, கட்டவே முடியாத நிலையை நிரூபிக்க வேண்டும்.

தனிநபர்கள் போடும் திவால் மனு பெரும்பாலும் இரண்டு வகை. கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் சாப்டர் 7 என்றால் வருமான வரம்பு பார்ப்பார்கள், பெரும்பாலும் சில மாதங்களில் முடியும். சாப்டர் 13 என்றால் 3 முதல் 5 வருடம் திட்டப்படி கட்ட வேண்டும். வீட்டுத் தவணை பாக்கி வைத்து, வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

401கே பணத்தை, அதாவது வேலை வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பை, எடுத்துக் கார்டு கடனை அடைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பணத்தைக் கார்டு கம்பெனி தொட முடியாது, திவாலிலும் அது பத்திரமாக இருக்கும். நீங்களே வெளியே எடுத்தால் வரியும் அபராதமும் போய், மீதியும் கடனுக்குப் போகும். அப்புறமும் திவால் மனு போட வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் என் பேரில் ஒரு மனை இருக்கிறது. மனுவில் காட்ட வேண்டுமா? தம்பியிடம் வாங்கிய கைமாற்றை முதலில் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

இரண்டிலுமே பொறுங்கள். சொத்து உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மனுவில் எழுத வேண்டும். மனை, கூட்டுக் குடும்பச் சொத்தில் உங்கள் பங்கு, வீட்டில் இருக்கும் நகை, எல்லாமே. மறைத்தால் கடன் தள்ளுபடியே மறுக்கப்படலாம், குற்ற வழக்கும் வரலாம். உள்ளதைச் சொன்னால் வக்கீல் ஏதாவது வழி பார்ப்பார், மறைத்து மாட்டினால் அவராலும் முடியாது. அவசரமாக மனைவி பேருக்கோ அம்மா பேருக்கோ மாற்றுவதும் மறைப்பதுபோலத்தான் பார்க்கப்படும்.

உறவினருக்குக் கடைசி ஒரு வருடத்தில் திருப்பிக் கொடுத்த கடனை டிரஸ்டி (திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) தோண்டி எடுப்பார், தம்பியிடமிருந்தே அதை வாங்கவும் முயல்வார். தம்பிக்கு நல்லது செய்யப்போய் அவரைக் கோர்ட் வாசலில் நிறுத்த வேண்டாம்.

நண்பரின் கார் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் சாப்டர் 7 போட்டுவிட்டார்.

உங்கள் பொறுப்பு அப்படியே இருக்கிறது, முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம். அவர் சாப்டர் 13 போட்டிருந்தால் திட்டம் நடக்கும்வரை ஓரளவு தடுப்பு கிடைத்திருக்கும்.

சாப்டர் 7 எத்தனை வருடம் பின்தொடரும் சார்?

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் 10 வருடம் வரை இருக்கும். ஆனால் பாக்கி குவிந்த அறிக்கை ஏற்கனவே மோசமாகத்தான் இருக்கும், அதனால் பலருக்குக் கிரெடிட் மதிப்பெண் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. கடைசியாக ஒன்று, எந்தத் திவால் மனுவானாலும் அதைப் போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசனை வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். போனிலோ இணையத்திலோ முடித்துவிடலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் போடும் மனு பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும், முதலில் அதை முடியுங்கள்.