தசை இல்லாத முளையத்தில் கலப்படையை மடிப்பது எது?
கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது.

மடிப்பவை கலங்களேதான். ஒவ்வொரு கலத்தின் மேல்முனையிலும் அக்டின் என்ற புரத இழைகள் வளையமாக ஓடும், மயோசின் என்ற இன்னொரு புரதம் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவழித்து அவற்றை இழுக்கும். அம்மம்மாவின் வெற்றிலைச் சுருக்குப்பை வாய் போல மேல்முனை சுருங்கும், அடி அகன்றே இருக்கும். கலம் ஆப்பு வடிவாகும். ஒரு கலம் மட்டும் சுருங்கிப் பயனில்லை. அயற்கலங்களைப் பிணைக்கும் கட்ஹெரின் புரதம் இருந்தால்தான் இழுவை படை முழுதும் பரவி அது மடியும். கல்சியத்தை அகற்றினால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

அடை வைத்த கோழிமுட்டையில் 26–29 மணித்தியாலத்தில் நரம்பு மடிப்புகள், அதாவது மூளையும் முண்ணாணுமாக மாறவுள்ள படையில் எழும் மடிப்புகள், நடுமூளைப் பகுதியில் ஒன்றையொன்று தொடும். மனிதரில் 28ஆம் நாளளவில், இம்மடிப்புகள் இணைந்து உருவாகும் நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு என்ற பிறவிக் குறை. கர்ப்பம் தெரியுமுன்பே அந்த நாள் கடந்துவிடக்கூடும். அதனால்தான் கருத்தரிக்க முயலும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.