கேஜ் போட்ட காரில் ஹார்னஸும் சீட்டும்: கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி டிராக்கிலும் ஓடும் பந்தயக் கார்களுக்குக் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு), சீட், ஹார்னஸ் என்கிற பந்தயப் பெல்ட் வேலை செய்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். எண்கள் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பிரிவு 253-ஐ ஒட்டியவை. உங்கள் போட்டியின் விதி இன்னும் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அண்ணா, என் மாருதி எஸ்டீமில் தோள் பெல்ட்டைக் கட்டும் ஹார்னஸ் பார் இல்லை. தோள் பெல்ட்டைப் பின்சீட் தரையிலேயே போல்ட் போடலாமா?

வேண்டாம் தம்பி. கார் மோதும்போது உங்கள் உடம்பு முன்னால் பாயும். பெல்ட் அதைப் பின்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தோளைத் தாண்டியதும் பெல்ட் செங்குத்தாகத் தரைக்கு இறங்கினால், அந்த இழுப்பு தோளை இடுப்பை நோக்கி அமுக்கும். நடுவில் மாட்டுவது முதுகெலும்பு. அதனால்தான் சீட்டின் மேல்விளிம்பிலிருந்து பெல்ட் 45 டிகிரிக்கு மேல் இறங்கக்கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். 45 டிகிரியிலேயே, பின்னால் இழுக்கிற அளவுக்குக் கீழேயும் அமுக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நீளம். பெல்ட் நாடா இழுபடும். பேச்சுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால், சீட்டுக்குப் பின்னால் 30 செ.மீ. நாடா 3 செ.மீ. நீளும்; ஒரு மீட்டர் நாடா 10 செ.மீ. நீளும். ஹெல்மெட் ஸ்டீயரிங்கில் இடிக்க அந்த வித்தியாசம் போதும்.

மெயின் ஹூப்பின் (கேஜில் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவின்) குறுக்கே, தோளை விடச் சற்றுக் கீழே ஒரு பார் வெல்டு செய்யுங்கள். 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ள சீம்லெஸ் குழாய், அல்லது 40 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ளது.

பாரில் துளை போட்டு ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) மாட்டலாமா?

வெறும் துளை குழாயைப் பலவீனமாக்கும். போல்ட்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு துளையிலும் இன்சர்ட் (போல்ட் உட்காரும் உலோக உருளை) வைத்து வெல்டு செய்ய வேண்டும். பாரைச் சுற்றிக் கட்டுவதே எனக்குப் பிடித்த முறை. ஆனால் நாடாவின் வாலைப் பக்கிளில் திரும்பவும் கோர்த்தாக வேண்டும். ஒருமுறை சோதனைக்கு வந்த காரில் அப்படிக் கோர்க்காமல் விட்டிருந்தார்கள்; நான் கையால் இழுத்ததுமே நழுவி வந்துவிட்டது. அந்தக் கார் அன்று காலை பிராக்டீஸ் ஓடி முடித்திருந்தது. இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நாலு முனை பெல்ட் போதாதா சார்?

போதாது. இடுப்புக்கு முன்னால் இருக்கும் பக்கிளைத் தோள் பெல்ட் மேலே இழுக்கும்போது இடுப்பு பெல்ட்டும் கூடவே ஏறி, எலும்பை விட்டு வயிற்றுக்குப் போய்விடும். உடம்பு அதன் அடியில் வழுக்கும். தொடைகளுக்கு நடுவே வரும் பெல்ட்தான் பக்கிளைக் கீழே பிடித்து வைக்கிறது. ஆறு முனை வாங்குங்கள். இடுப்பு பெல்ட் தொடை மடிப்பில் படிய வேண்டும். சீட்டின் விளிம்புக்கு மேலாக இல்லாமல் அதன் துளை வழியாகப் போக வேண்டும்.

சீட்டுக்கு எத்தனை போல்ட்?

குறைந்தது நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பிராக்கெட் எஃகு என்றால் 3 மி.மீ., அலுமினியக் கலவை என்றால் 5 மி.மீ. தடிமன். தரைத் தகடு மெல்லியது, வாஷரோடு சேர்த்தே கிழித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் 40 சதுர செ.மீ. தகடு வையுங்கள். பெல்ட்டைச் சீட்டிலோ அதன் பிராக்கெட்டிலோ கட்டவே கூடாது.

ஹான்ஸ் அவசியமா?

அவசியம். பெல்ட் உடம்பைப் பிடித்துவிடும், தலையைப் பிடிக்காது. தோளில் மாட்டி ஹெல்மெட்டோடு இணைக்கும் ஹான்ஸ்தான் தலையைப் பிடிக்கும். 2001-இல் அமெரிக்காவின் டேடோனா டிராக்கில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தலையைப் பிடிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. ஹான்ஸுக்கு மட்டும் என்று குறித்த 2 அங்குலப் பெல்ட்டை அது இல்லாமல் போடாதீர்கள்.

பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

லேபிளில் உள்ள ஆண்டு முடிந்திருந்தால் வேண்டாம். பெரிய மோதல் கண்ட பெல்ட் பார்க்கப் புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

அதே காரை ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு வெளியே எடுத்துப் போகலாமா அண்ணா?

ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருக்கிறது. மேலே சுற்றிய ஃபோம் ஹெல்மெட்டை மனதில் வைத்துச் செய்தது. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள். வீட்டாருக்கு வேறு கார் எடுங்கள்.