தீபாவளிக்கு மிஞ்சிய இடியப்பத்தையும் கறியையும் ஓவனில் வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறி, உருளைக்கிழங்கு மசியல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவனில் சுட்டெடுக்கிறாள். கேசரோல் என்கிறாள். நம் தீபாவளிச் சாப்பாட்டில் மிஞ்சுவதை அப்படிச் செய்ய முடியுமா?

பதில்:

முடியும். ஏழு வருடங்களாகச் செய்துவருகிறேன். முதல் வருடம் செய்ததைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் இன்றுவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கேசரோல் என்றால் இட்லி ஆறாமல் மூடிவைக்கும் பாத்திரம். மகன் ஓடிஜி என்ற மின்சார ஓவன் ஒன்றை வாங்கிவந்து, "அம்மா, இன்று கேசரோல் செய்வோம்" என்றபோது என் மாமியார், "அதுதான் அலமாரியில் மூன்று கிடக்கிறதே, இன்னும் எதற்கு?" என்றார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. சமையலறையில் கடைசி வார்த்தை இன்றும் அவருடையதுதான்.

எங்கள் வீட்டில் ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். தீபாவளியன்று பதினேழு பேர் கூடுவோம். விடியுமுன் எண்ணெய்க் குளியல். அது முடிந்ததும் இடியப்பம், வெள்ளைப் பணியாரம், கோழிக்குழம்பு, ஆட்டு உப்புக்கறி. அதன் மேல் உக்காரையும் தேன்குழலும். இத்தனையும் காலை எட்டு மணிக்குள் வயிற்றுக்குள் போய்விட்டால் மதியம் யாருக்குப் பசிக்கும்? ஆனாலும் மதியத்துக்கென்று தனியாகச் சமைப்போம். அது எங்கள் ஊர்க் கௌரவம். மறுநாள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் கை வைக்க இடம் இருக்காது.

முதல் வருடம் நான் செய்த தவறு இது. இடியப்பத்தைப் பரப்பினேன், கோழிக்குழம்பை அப்படியே ஊற்றினேன், மதியம் வைத்த கத்தரிக்காய்க் காரக்குழம்பையும் விட்டுவைக்கவில்லை. வீடியோவில் ஒருவர் பால் ஊற்றினார் என்று நானும் அரை லிட்டர் பால் ஊற்றினேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால், சிவப்புத் தண்ணீரில் வெள்ளைத் திரிதிரியாக ஏதோ மிதக்கிறது. புளி பட்டால் பால் திரியும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஓவன் என்ற புதுப் பெயரைக் கேட்டதும் எனக்கு அது மறந்துவிட்டது. மாமியார் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "முதலில் சுண்ட வைத்திருக்க வேண்டும், ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் மகள் அடுக்குபவை எல்லாம் ஏற்கெனவே கெட்டியானவை. அவர்களுடைய குழம்பே மாவு சேர்த்துக் காய்ச்சியதுதான். அந்தப் பண்டிகைக்கென்றே பேர்போன பீன்ஸ் கேசரோல் ஒன்று உண்டு. 1955-இல் கேம்பல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி என்ற பெண்மணி உருவாக்கியது. அதில் பீன்ஸைப் பிடித்து நிறுத்துவது டப்பாவில் வரும் கெட்டியான காளான் சூப், மேலே மொறுமொறுப்புக்கு வறுத்த வெங்காயம். நம் குழம்பில் மாவு கிடையாது. வெங்காயமும் தக்காளியும் அரைத்த மசாலாவும்தான் அதன் உடம்பு. மூடிய ஓவனுக்குள் அது வற்றாது. அடியில் இருக்கும் இடியப்பத்தை ஊறவைத்துக் களியாக்கிவிடும். ஆகவே ஓவனைப் பற்ற வைக்குமுன் வேலை அடுப்பில்தான் தொடங்குகிறது.

இப்போது செய்முறை. ஆறு பேருக்குச் சொல்கிறேன்.

கோழிக்குழம்பில் எலும்பை நீக்கிவிட்டு, கறியும் குழம்புமாக அகன்ற வாணலியில் ஊற்றிச் சுண்ட வையுங்கள். கரண்டியால் இழுத்தால் அடி ஒரு நொடி தெரிந்து மறைய வேண்டும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதில் உப்புக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். உப்புக்கறிக்கு நாங்கள் மசாலாப் பொடி எதுவும் போடுவதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், அவ்வளவுதான். சுண்டிய குழம்புடன் சேரும்போது அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 400 கிராம் அளவு இருந்தால் போதும்.

பன்னிரண்டு இடியப்பம். குளிரில் விறைத்திருக்கும். இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி உதிர்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்து நிறுத்துவதற்கு, நான்கு முட்டையை 300 மில்லி முதல் தேங்காய்ப்பாலில் அடித்து மிளகுத்தூள் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போடாதீர்கள். உப்புக்கறிக்குப் பெயர் சும்மா வரவில்லை. தேங்காய்ப்பாலை அன்றே பிழிய வேண்டும், பண்டிகை நாள் பாலைத் தொட வேண்டாம்.

தட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே பேரம் பேசி வாங்கிய 9 அங்குலச் சதுர எனாமல் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளையில் நீல விளிம்பு. எங்கள் ஊர்க்காரர்கள் கப்பல் ஏறிக் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் வியாபாரம் செய்ய, போன காலத்தில் இங்குள்ள வீடுகளுக்கு வந்து இறங்கிய சாமான்களில் ஒன்றாக இருக்கலாம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். எஃகின் மேல் பூசிய எனாமல் ஓவன் சூட்டைத் தாங்கும். பூச்சு உதிர்ந்த தட்டை மட்டும் எடுக்காதீர்கள். பண்டிகைக்கு வாங்கிய வாழையிலை மீதி இருக்குமே, அதைத் தணலில் வாட்டித் தட்டில் விரித்து நல்லெண்ணெய் தடவுங்கள். அடி ஒட்டாது, திறக்கும்போது வரும் மணத்துக்கு வேறு ஏலக்காய், பட்டை எதுவும் வேண்டாம்.

பாதி இடியப்பம், அதன் மேல் கறி, மீண்டும் இடியப்பம். முட்டைக் கலவையை மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். 180 டிகிரியில் முன்பே சூடேற்றிய ஓவனில் 25 நிமிடம். பிறகு வெளியே எடுத்து, கையால் நொறுக்கிய தேன்குழலை மேலே தூவி இன்னும் பத்து நிமிடம். தேன்குழலை முதலிலேயே தூவினால் கருகிவிடும், சொல்லிவிட்டேன். உடைந்த தேன்குழல் தீபாவளிக்கு அடுத்த வாரம் எந்த டப்பாவின் அடியிலும் கிடைக்கும். ரொட்டித் தூளெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. நடுவில் கத்தியைச் செருகினால் ஈரமில்லாமல் வெளிவர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் பொறுத்தால் துண்டு துண்டாக நிற்கும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் அடுக்கி, பழைய தோசைக்கல் மேல் வைத்து, மூடிச் சிறுதீயில் வேகவைக்கலாம். மேற்புறம் மட்டும் சிவக்காது. கரி கிடைத்தால் மூடியின் மேல் தணலைப் பரப்புங்கள். என் மாமியார் சொல்வதும் அதுதான்: கீழே ஒரு தணல், மேலே ஒரு தணல், இதற்கு ஏன் இத்தனை ஆயிரம் ரூபாய்?

எதை மிச்சம் பிடிக்கலாம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். இடியப்பமும் சோறும் வெளியிலேயே கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிர் பெருகும். அது விட்டுச்செல்லும் நச்சுகளில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே' என்பது இங்கே செல்லாது. தேங்காய்ச் சட்னியை அன்று மதியமே கொட்டிவிடுங்கள். வெள்ளைப் பணியாரத்தை ஓவனில் வைத்தால் ரப்பர் பந்தாகிவிடுகிறது. இரண்டு முறை முயன்று தோற்ற பிறகு அதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. இதே உற்சாகத்தில் பொங்கலுக்கு மிஞ்சிய சாம்பாரையும் புளிக்குழம்பையும் பூசணிக் கூட்டையும் அவரைக்காய்ப் பொரியலையும் ஓவனில் ஏற்றப் பார்க்காதீர்கள். அதற்கு மண்சட்டிதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, அடிக்கடி கிளறி, பக்கச் சுவரில் காய்ந்து ஒட்டுவதைச் சுரண்டி மறுபடி உள்ளே தள்ளித் தள்ளிச் சுண்ட வைக்க வேண்டும். அந்தச் சுரண்டலில்தான் ருசி. ஓவன் கதவை மூடிவிட்டால் யார் சுரண்டுவது? பழைய சோற்றுக்கு அந்தச் சுண்டக்குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர்கள் கேசரோல் பக்கம் திரும்பமாட்டார்கள். நானே திரும்பமாட்டேன். ஆனால் கறிக்கும் இடியப்பத்துக்கும் ஓவன்தான் சரி.

நான் இதைத் தீபாவளிக்கு மறுநாள் இரவு செய்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். அடுத்த நாள் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸில் பிள்ளைகள் சென்னைக்குக் கிளம்பும்போது சூடாக்கி, துண்டு போட்டு இலையில் மடித்துக் கொடுத்தனுப்புவேன். திருச்சி தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. புதுக்கோட்டையிலேயே தீர்ந்துவிட்டது என்று போன் வரும். நான்கு மூலைத் துண்டுகளை மட்டும் அனுப்புவதில்லை. தேன்குழல் அதிகம் ஒட்டி ஓரம் முறுகிய அந்த நான்கும், ஓவனைப் பற்றி இன்னும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத என் மாமியாருக்கு.