ஓவியத்தில் இருக்கும் கவுனை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பெண்களின் உடையும் வாழ்க்கையும் எப்படி மாறின என்பதுதான் என் ப்ராஜெக்ட். ஓவியங்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. உடையின் வடிவத்துக்கு ஓவியம் நல்ல சாட்சி. ஆனால் உடுத்தியிருப்பவர் யார் என்பதற்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

முதலில் பாவாடையைப் பாருங்கள். நான்கு பக்கமும் மணிபோல் விரிந்திருந்தால் பெரும்பாலும் 1850களின் பிற்பகுதி அல்லது 60களின் தொடக்கம். உள்ளே எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் கூண்டு இருக்கும். முன்பக்கம் தட்டையாகித் துணியெல்லாம் பின்னால் குவிந்திருந்தால் 1870களுக்கு வந்துவிட்டீர்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1866இல் தீட்டத் தொடங்கிய 'தோட்டத்தில் பெண்கள்' படத்தைப் பார்த்தால், வசதியான சீமாட்டிகள் கூடிப் பொழுதுபோக்குவதாகவே தோன்றும். உண்மையில் அவர்களில் பலருக்கும் மாடலாக நின்றவர் கமீல் ஒருவரே. கையில் காசில்லாமல் திண்டாடிய ஓவியரின் காதலி அவர்! அந்தக் கவுன்களை வைத்து அவருடைய வருமானத்தைக் கணக்கிட்டால் ப்ராஜெக்ட் தடம் மாறிவிடும்.

சரி, பெண்களின் நிலையை எப்படிப் படிப்பது? உடையோடு கையையும் கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நான் மாணவர்களிடம் எப்போதும் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். இரண்டுமே தியேட்டர் பாக்ஸில், அதாவது அரங்கின் ஓரத்துத் தனித் தடுப்பில், உட்கார்ந்திருக்கும் பெண்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 1874 படத்தில், பட்டைக்கோடு போட்ட பகட்டான கவுனில் இருப்பவர் பைனாகுலரைக் கீழே பிடித்தபடி நம் பார்வைக்கு முகம் காட்டுகிறார். வேடிக்கை பார்ப்பவர் பின்னால் இருக்கும் ஆண். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கசாட் 1878இல் வரைந்ததில், கழுத்துவரை மூடிய கறுப்பு உடைக்காரி பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் தானே பார்க்கிறாள். தூரத்து பாக்ஸிலிருந்து ஒருவர் அவளை நோட்டம் விடுகிறார், அவளோ அதைச் சட்டை செய்யவில்லை. நான்கே ஆண்டு இடைவெளி. இரண்டாவதை வரைந்தவர் பெண் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், ஓவியங்களில் எளிதில் சிக்காத உடையும் உண்டு. குதிரைச் சந்தையை வரைந்து புகழ்பெற்ற பெண் ஓவியர் ரோசா பொனர், கால்சட்டை போடுவதற்கு பாரிஸ் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1857ஆம் ஆண்டுச் சீட்டு இன்றும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உங்கள் ப்ராஜெக்டில் கவுன் படங்களுக்கு நடுவே அந்தச் சீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.